முட்டை ஓட்டுத் தொப்பி

டிசம்பர் 14

இன்று ஒரு பெங்குவின் என் பூட்ஸ் மேல் எச்சத்தைப் பீய்ச்சி அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தென்துருவக் கண்டத்தில் இருக்கிற எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல்வரை அது தானாகவே நடந்து வந்திருந்தது. சமையலறையிலிருந்து மொகைதீன் காக்கா மாவுக் கையோடு ஓடிவந்தார். டாக்டர் ஓடிவந்தார். ரேடியோவை விட்டு நகரவே நகராத மனிதர்கூட வந்தார். நடுவில் உலகநாதன், மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதரைப் போல, அதை எல்லோருக்கும் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். கூடு கட்டக் கூழாங்கல்தான் அதற்குச் சொத்தாம். பக்கத்துக் கூட்டுக்காரன் அசந்தால் அவன் கல்லைத் திருடிக்கொண்டு வந்துவிடுமாம். அதற்கு ஒரு சிரிப்பு. திருட்டுப் பிழைப்பு பிழைக்கிற ஒரு பிராணியை இவ்வளவு கொஞ்சி நான் பார்த்ததில்லை.

இதே காலையில் நான் கடலுக்கு அடியிலிருந்து ஒரு கடல் சிலந்தியை எடுத்திருந்தேன். கால்களை விரித்தால் உள்ளங்கை நிறையும். ஆண். வயிற்றுக்கு அடியில் முட்டைக் கொத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இனத்தில் முட்டையைச் சுமப்பது அப்பன் வேலை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாப்பிடும் நேரத்தில் இது வேண்டாமே" என்றார்.

உலகநாதன் என் கணவர். அவருக்குப் பெங்குவின், எனக்கு முதுகெலும்பு இல்லாதவை. ஒரே கப்பலில் வந்தோம், ஒரே அறையில் இருக்கிறோம். கைதட்டல் மட்டும் ஒரே பக்கம் விழுகிறது.

டிசம்பர் 17

நிலையத் தலைவர் பிஷ்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோடை முடிந்து பிப்ரவரியில் கப்பல் கிளம்பும்போது, குளிர்காலத்துக்கு இங்கே தங்கும் குழுவில் உயிரியலாளர் ஒருவருக்குத்தான் இடம். நீங்கள் கணவன் மனைவி, நீங்களே பேசி முடிவு செய்துகொண்டால் எனக்கு நிம்மதி என்றார்.

அறைக்கு வந்ததும் பேசினோம்.

"எம்பரர் பெங்குவின் குளிர்காலத்துலதான் முட்ட போடும், ஆவுடை. அத விட்டா எனக்கு வேற நேரமே கெடையாது."

"என் சிலந்தி முட்டையும் குளிர்காலத்துலதான் பொரியும். எனக்கு மட்டும் வேற நேரம் இருக்கா?"

"இருக்குன்னு நா சொல்லலியே."

"சொல்லவேண்டாம். மூஞ்சி சொல்லுது."

பேசி முடித்தாயிற்று. முடிவு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 20

விரிகுடாவின் பனிக்கட்டியில் எனக்கென்று ஒரு ஓட்டை துளைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கூண்டை இறக்கி, மறுநாள் தூக்குவேன். உள்ளே மீன் தலையைக் கட்டி வைத்தால் நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் முள்ளெலி எல்லாம் வந்து சேரும். மீன் தலை தீர்ந்துகொண்டே வருகிறது. மொகைதீன் காக்காவிடம் கேட்டேன். காயல்பட்டினத்துக்காரர், அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நிலையம் முழுக்க இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது.

"கோழி எலும்பு ஒரு சட்டி கெடக்கு தங்கச்சி, கொண்டு போறியளா?"

"ஐயோ, கோழி வேண்டாம் காக்கா. வெளிய கொண்டு போவக்கூடாதுல்லா."

கோழியோ முட்டையோ எந்த வடிவத்திலும் கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது இங்கே முதல் விதி. நம் ஊர்க் கோழியின் நோய் பெங்குவின்களுக்கு ஒட்டினால் ஒரு தீவே காலியாகிவிடும். பெங்குவின் என்றால் விதியும் தனி.

மீன் தலையோடு போனால், என் ஓட்டையில் ஒரு சீல், கடல்நாய். கொழுகொழுவென்று தலையை நீட்டி, மூக்கைத் திறந்து திறந்து மூடி மூச்சு விடுகிறது. ஆள் வைத்துத் துளைத்த ஓட்டை. வாடகை இல்லாமல் குடியேறிவிட்டது.

டிசம்பர் 21

சீலைப் பார்க்க நிலையமே என் ஓட்டைக்கு வந்தது. கூண்டுக்குள் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

டிசம்பர் 28

இன்றைக்கு நடந்ததை எழுதினால்தான் மனம் ஆறும்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றோடு வீடியோ பேச்சு. தொலைக்காட்சிக்காரர்களும் சேர்ந்திருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். காலையில் எழுந்து, பெரிய தட்டில் கடல் நீர் ஊற்றி, நட்சத்திர மீன் இரண்டு, கடல் அட்டை ஒன்று, நல்ல சிவப்பில் ஒரு புழு எல்லாம் அடுக்கி வைத்தேன். தலையைக்கூடப் பின்னிக்கொண்டேன். நாலு வார்த்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த வேலையில் காலைச் சாப்பாடு போயிற்று.

உலகநாதன் ஆரம்பித்தார். கல் திருடும் கதை. குஞ்சு தொலைந்து கிடைத்த கதை. என் ஓட்டையில் சீல் வந்த கதை, அதையும் அவரே சொன்னார்! படம் எடுத்தவர் அவராம். பிள்ளைகள் கத்துகிறார்கள், டீச்சர் கத்துகிறார். கடைசியில் என் முறை வந்தபோது ஒரு நிமிடம் மிச்சம். தட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். சந்தோஷமாகக் கேளும்மா என்றேன்.

"ஆன்ட்டி, நீங்கதான் பெங்குவினுக்குச் சோறு போடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். உலகநாதனும் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். சாப்பாட்டு மேசையில் மிச்சமிருந்ததில் கைக்கு வந்த இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வாசல் அறையில் கைக்கு வந்த கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். இங்கே எல்லோருக்கும் ஒரே சிவப்புக் கோட்டு. கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியபோதுதான் மாறிப்போனது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

ஓட்டைப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து சீலைத் திட்டினேன். அது பாட்டுக்கு மூச்சு விட்டது. பசி தாங்கவில்லை. இரண்டையும் உரித்துத் தின்றேன். உரித்ததைப் பொறுப்பாகக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன். காற்றில் ஒரு துண்டு பறந்து ஓட்டைக்குள் விழுந்திருக்கும் போல. மற்றபடி ஒரு துரும்பை நான் இந்தப் பனியில் விட்டதில்லை. விதியை மதிக்கிறவள் நான்.

ஜனவரி 3

அம்மா பேசினாள்.

"மாப்பிள்ளைய டிவில பாத்தோம் ஆவுடை! தெருவே பாத்துச்சு. எவ்வளவு தெளிவாப் பேசுதாரு! நீ எங்கட்டி இருந்த?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்படியா? தட்டு ஒண்ணு தெரிஞ்சுது. அது உன் கையா?"

ஜனவரி 9

சிலந்தியின் முட்டைகள் கொஞ்சம் பெருத்திருக்கின்றன. குளிர்ந்த தொட்டியில் அப்பன் அசையாமல் நிற்கிறது. முன்னால் இரண்டு சின்னக் கால்கள் உண்டு; அவ்வப்போது அவற்றால் கொத்தைத் தடவித் தூசி எடுக்கிறது. இந்த இனத்தில் முட்டை பொரிந்து குஞ்சு எப்படி வெளியே வருகிறது என்று பார்த்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் பார்க்க வேண்டும். வேறு யாரும் எனக்கு முன்னால் பார்க்கக்கூடாது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஜனவரி 15

பிஷ்ட் உலகநாதனின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். எம்பரர் குடியிருப்புக்குப் போகும் வழியைப் பற்றி வரைபடத்தில் ஏதோ காட்டினார். நான் அருகில் போனதும் வரைபடத்தை மடித்தார்.

என்னிடம் ஏன் மடிக்க வேண்டும்?

ஜனவரி 19

விதி விதிதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இந்த வாரம் வாசல் அறையைச் சுத்தம் செய்வது என் முறை. எல்லோருடைய கோட்டுப் பைகளையும் தூசி உறிஞ்சும் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஊரிலிருந்து வந்த விதையோ மண்ணோ ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த நிலத்துக்குப் போய்விடும். உலகநாதன் கோட்டின் உள்பையில் கை விட்டேன். கையில் வந்தது முட்டை ஓடு. அவித்து உரித்த கோழி முட்டையின் ஓடு; எங்கள் கப்பலில் வந்த முட்டைகளுக்கு அடிக்கிற நீல முத்திரை அதில் பாதி தெரிந்தது.

இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் தினமும் பெங்குவின் கூட்டத்துக்குள் போய் வருகிறார்! அவற்றுக்கு நோய் வரக்கூடாது என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தவரே அவர்தான்!

தனியாகக் கேட்டிருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். ஆனால் இது வீட்டு விஷயமா? இது நிலையத்து விஷயம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, அந்த முட்டை ஓட்டை மேசை நடுவில் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். என் குரல் நன்றாகவே இருந்தது. அன்றைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றபோது வராத குரல்.

பிஷ்ட் உலகநாதனைப் பார்த்தார்.

உலகநாதன் ஓட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமா சார்," என்றார். "என் கோட்டுதான்."

ஜனவரி 20

அவருக்குப் பெங்குவின் தீவுக்குப் போகத் தடை. குளிர்கால இடம் எனக்கு.

ஜனவரி 21

சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜனவரி 24

இப்போது எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறார்கள். உலகநாதன் காலையில் எழுந்து கிடங்கில் பெட்டி அடுக்கப் போகிறார். அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். கேட்டால் பதில் சொல்கிறார், கேட்காவிட்டால் இல்லை.

மொகைதீன் காக்கா எனக்குத் தோசை போட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் சாருக்கு ஒரு நாளும் முட்ட கட்டிக் குடுத்ததில்ல தங்கச்சி. ரொட்டியும் எலுமிச்ச ஊறுகாயும்தான் கேப்பாரு. அவரா எடுத்துட்டுப் போற ஆளும் இல்ல. எனக்கு இது மனசுல ஒட்டவே மாட்டேங்குது."

"உங்களுக்குத் தெரியாம எடுத்திருப்பாரு."

"இருக்கலாம். இன்னொரு தோசை வைக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோசை நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 2

என் ஓட்டை இருந்த பனி உடையத் தொடங்கியிருக்கிறது. அதனால் நேற்று கடைசிக் கூண்டைத் தூக்கினேன். அதில் வந்த முள்ளெலிகளைத் தொட்டியில் விட்டிருந்தேன்.

இந்த முள்ளெலிகளுக்கு ஒரு பழக்கம். எலுமிச்சம் பழ அளவில், உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். கடலடியில் கிடைக்கிற பாசித் துண்டு, சிப்பித் துண்டு, கல், எதுவானாலும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நடக்கும். எதிரி வந்தால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கத்தான். நான் அதைத் தொப்பி என்று சொல்வேன்.

இன்று காலை தொட்டியைக் கழுவும்போது பார்த்தேன். ஒன்று பாசி வைத்திருந்தது. ஒன்று சிப்பி. மூன்றாவது வெள்ளையாக, வளைவாக, மெல்லியதாக ஒன்றை வைத்திருந்தது. இடுக்கியால் எடுக்கப் போனேன். கொடுக்க மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

நீல முத்திரை.

அந்த ஓட்டைப் பக்கம் உட்கார்ந்து எதையாவது தின்றவள் நான் ஒருத்திதான். பின்பக்கம் புரட்டி டிசம்பர் 28 அன்று எழுதியதைப் படித்தேன். கை நீண்ட கோட்டு. உரித்துத் தின்ற இரண்டு. உள்பை.

மறந்துதான் போயிருந்தேன். பள்ளிக்கூடம், தட்டு, அந்தச் சிரிப்பு, இவைதான் நினைவில் இருந்தன. என்ன தின்றேன் என்பதை யார் நினைவில் வைப்பார்கள்? மறந்துதான் போயிருந்தேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 3

கிடங்கில் அவர் தனியாக இருந்தபோது போனேன்.

"அந்த ஓடு என்னோடது. பள்ளிக்கூடத்தோட பேசின அன்னிக்கு உங்க கோட்டப் போட்டுட்டுப் போயிட்டேன்."

"தெரியும்."

"எப்பலருந்து தெரியும்?"

"நீ மேசையில வச்சப்பவே சந்தேகந்தான். மறுநா பையில கைய விட்டேன். ஒந் தலமுடி ரப்பர் கெடந்துச்சு."

"பெறகு ஏன் வாயத் தொறக்கல நீங்க?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னன்னு தொறக்க? எம் பொண்டாட்டிதான் தின்னா, நா தின்னலன்னு எந்திரிச்சு நிக்கவா? நீ நின்னியே, அந்த மாதிரி?"

அவர் வைத்த பெட்டியை நான் சுவரோரம் தள்ளினேன்.

"பெரிய மனசுன்னு நெனச்சுராத. இத்தன நாளா ஒன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. ஆனாலும் அந்த ஓட்டச் சொமந்துக்கிட்டு பெங்குவின் கூட்டத்துக்குள்ள திரிஞ்சவன் நான்தான். பையப் பாக்காதது ஏந் தப்பு. அதுக்குத்தான் ஆமான்னேன்."

"அன்னிக்கி அந்தப் பிள்ள கேட்டதுக்கு நீங்களும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன்," என்றார். "சிரிச்சிருக்கக் கூடாது. தெரிஞ்சுதான் அன்னிக்கிச் சாயங்காலம் ஒன்னத் தேடுனேன். நீ தூங்குற மாதிரிப் படுத்திருந்த."

அறைக்கு வந்து அழுதேன். வெட்கத்தால் பாதி. மீதி என்னவென்றால், பெங்குவினில் முந்திக்கொண்டார், தொலைக்காட்சியில் முந்திக்கொண்டார், கடைசியில் நல்லவராக இருப்பதிலும் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். இந்த மனிதரை எதில்தான் நான் ஜெயிப்பது?

பிப்ரவரி 4

முள்ளெலியை வாளித் தண்ணீரோடு பிஷ்டின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அது தொப்பியைக் கழற்றாமல் மேசை நடுவில் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

மேசையில் வைத்த அன்றே உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வாளியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நானே முழுதாக நம்புகிறேனா என்பதும் தெரியவில்லை.

தீவிலும் ஓட்டைப் பக்கமும் மாதிரிகள் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். விதியை மீறியவர் முதல் கப்பலில் ஊருக்கு. குளிர்காலத்துக்கு உலகநாதன்.

பிப்ரவரி 21

நாளைக்குக் கப்பல். சோதனையில் நோய் எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் இன்று நன்றாகத் தூங்குவேன்.

சிலந்தியை எடுத்துப்போக முடியாது, வெப்பத்தில் செத்துவிடும். அவரைத் தொட்டி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரை எப்படி மாற்றுவது, எவ்வளவு குளிர் இருக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது. பெங்குவின்காரர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்.

"இதுக்குப் பேரு வச்சிருக்கியா?"

"பேரெல்லாம் வைக்க மாட்டோம். நாங்க விஞ்ஞானிங்க."

சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான்.

பிப்ரவரி 26

கப்பல். வாந்தி. வழியெல்லாம் பனித்திட்டு, ஒவ்வொரு திட்டிலும் பெங்குவின். வேண்டுமென்றே நிற்கின்றன.

என் முட்டைகள் பொரிவதை அவர் பார்ப்பார். நான் கடலடியிலிருந்து எடுத்தது, நான் வளர்த்தது. அவர் ஒரு கையில் தேநீரோடு நின்று பார்ப்பார். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அழகாகக் கதை சொல்வார்.

எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் எரிகிறது.

ஜூன் 30, பாளையங்கோட்டை

எம்பரர் பெங்குவின் படங்கள் வந்திருக்கின்றன. காலில் முட்டையை வைத்துக்கொண்டு பனிப்புயலில் நிற்கும் அப்பன்மார். அம்மா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரித் தோழிகள், பால்காரர் என்று எல்லோரும் எனக்கே அனுப்புகிறார்கள். முட்டை சுமக்கும் அப்பன் என் தொட்டியிலும் ஒன்று இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அது சிலந்தில்லா" என்றாள்.

ஜூலை 17

அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்திருக்கிறது. கூடவே எழுதியிருந்தார்:

"ஆவுடை, பொரிஞ்சிட்டு. நா பாக்கல. கேமராவ ஓடவிட்டுட்டுத் திரும்பி நின்னுட்டேன். மொதல்ல நீ பாரு. பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு."

நம்பவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன். பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று எழுதியிருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவை ஓட்டினேன்.

தொட்டி. சிலந்தி. முட்டைக் கொத்து. பின்னால் தொட்டிக் கண்ணாடியில் அறை மங்கலாகத் தெரிந்தது. அதில் சிவப்பாக ஒன்று. முதுகு. கேமராவுக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்கிறார். திரும்புவார் என்று காத்திருந்தேன். ஒருமுறை காலை மாற்றி நின்றார். ஒருமுறை பிடரியைச் சொறிந்துகொண்டார். அப்போதுதான் பார்த்தேன், கோட்டின் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான் விட்டுவிட்டு வந்த என் கோட்டு. முதுகில் தையல் தெறிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது திரும்புவார், இதோ திரும்பிவிடுவார் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை அவர் திரும்பவே இல்லை. வீடியோ முடிந்துவிட்டது.

முட்டை பொரிந்ததைப் பார்க்க மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருந்தது.